அறுவைக்குப் பின் மனம் மங்குமா: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. இதய அறுவை சிகிச்சையைவிட, அதன் பிறகு உன் புத்தி முன்போல் இருக்குமா என்ற கவலையே உன்னை வாட்டுவதாக எழுதியிருக்கிறாய். உன் தாயார் அல்சைமர் நோயால் கடைசியில் உன்னையே அடையாளம் தெரியாமல் போனதை நான் அறிவேன். ஆகவே, மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பேன் என்று நீ சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதே.

அறுவைக்குப் பின் வரும் மந்தநிலை வெறும் மனப்பிரமை அன்று. என் அண்ணன் பைபாஸ் முடிந்து வீடு திரும்பியபோது, ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடும். விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். சில மாதங்களில் விரலின் துணை தேவைப்படாமல் போயிற்று. டியூக் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 261 பேரில் 53 சதவீதத்தினருக்கு மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது நினைவாற்றலும் கவனமும் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாக இறங்கி, ஐந்தாம் ஆண்டில் 42 சதவீதமாக ஏறியது. அந்தக் கடைசி எண்ணைக் கண்டு மிரளாதே. அறுவையே செய்துகொள்ளாத இதய நோயாளிகளுக்கும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறத்தாழ அதே அளவு சரிவு ஏற்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே அதில் பெரும்பங்கு இரத்தக் குழாய் நோயினுடையது என்றே நான் கருதுகிறேன்.

மயக்க மருந்தை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியன்று. அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் இரத்தம் ஓடும்போது, உடலின் தற்காப்பு எதிர்வினையான அழற்சி உடலெங்கும் கிளம்புகிறது. பெருந்தமனியைக் கவ்வியால் பிடிக்கும்போது அதன் உட்சுவரிலிருந்து உதிரும் துகள்கள் மூளைக்குச் செல்லக்கூடும். ஆனால் அந்த இயந்திரம் இல்லாமலே பைபாஸ் செய்தவர்களும் நீண்ட காலத்தில் பெரிதாகத் தப்பிவிடவில்லை. இதயத்தோடு தொடர்பில்லாத அறுவைகளிலும், 1998இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு முதல் வாரத்தில் தடுமாற்றம் இருந்தது. மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது.

இனி நீ கேட்ட மரபணு. 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஈ மரபணுவின் ஈ4 வடிவம் அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. இதய அறுவைக்குப் பின் வரும் சரிவுக்கும் அதுவே காரணமாகலாம் என்று 1997இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. பின்னர் வந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. என்னை அதிகம் ஈர்த்தது 2007இல் வந்த ஆய்வு. 513 நோயாளிகளிடம், அழற்சியோடு தொடர்புடைய சி-ரியாக்டிவ் புரதம், இரத்தத் தட்டுகள் ஒட்டுவதற்கு உதவும் பி-செலக்டின் ஆகிய இரண்டின் மரபணுக்களையும் பார்த்தார்கள். இரண்டிலும் அரிய வடிவத்தைக் கொண்டவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கும், இரண்டிலும் வழக்கமான வடிவத்தை மட்டுமே கொண்டவர்களில் சுமார் 43 சதவீதத்தினருக்கும் சரிவு ஏற்பட்டிருந்தது. அழற்சி எவருக்கு எவ்வளவு மூள்கிறது என்பதில்தான் பரம்பரையின் கை இருக்கிறது என்று இது எண்ண வைக்கிறது. ஆயினும் இத்தகைய முடிவை வைத்து, தனியொருவனுக்கு இன்னது நேரும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. ஈ4 இருப்பதாகத் தெரிந்தால் உன் இரவுத் தூக்கம் கெடுமே தவிர, அறுவை அரங்கில் எதுவும் மாறப்போவதில்லை; அடைபட்ட தமனியோ பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காது.

பயன் தரக்கூடியவற்றைச் சொல்கிறேன். அறுவைக்கு முன்பே நினைவாற்றல் சோதனை ஒன்று எடுத்துவிடு. பிறகு ஒப்பிட அளவுகோல் வேண்டும். மயக்க மருந்து மருத்துவரிடம் உன் தாயாரைப் பற்றியும், நீ போடும் தூக்க மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல். முதியவர்களுக்குக் குழப்பத்தைத் தூண்டும் சில மருந்துகளை அவர்கள் தவிர்க்க முடியும். கண் விழித்தவுடன் மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் தரும்படி மகளிடம் சொல்லிவை. முக்கியமான பத்திரம் எதிலும் முதல் சில வாரங்களுக்குக் கையெழுத்திடாதே.

நாள் குறித்ததும் தெரிவி. நான் வந்து உடனிருக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்