மெட்ஃபார்மினும் மரத்துப்போன பாதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, அதைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் எங்கள் தெருவிலேயே உண்டு. உண்மையில் அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது என்பதால்தான், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இரத்தப் பரிசோதனை அறிக்கையில் eGFR என்று வரும் அளவு) 30-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு மருத்துவர்கள் அதைத் தருவதில்லை. தொடக்கத்தில் வரும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் உணவோடு சேர்த்து விழுங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலர் கவனிக்காதது, நெடுநாள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதனால் நரம்புகள் பழுதுபட்டுப் பாதம் மரத்துப்போகலாம் என்பதே. 12 ஆண்டுகளாக இதை விழுங்கிவரும் என் தாயார், ஒரு கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்துவந்தார். சர்க்கரையின் வேலை என்றே நினைத்திருந்தோம், இரத்தப் பரிசோதனையில்தான் பி12 குறைவு தெரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லும் மருத்துவர்கள், இந்தப் பரிசோதனையையும் அவ்வப்போது எழுதித் தர வேண்டும்.

– வாசகர், கும்பகோணம்