148 புரூஃப் என்பது 148 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அமெரிக்க விஸ்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஜாக் டேனியல்ஸ் 2021-இல் வெளியிட்ட 'கோய் ஹில்' பற்றி ஒரு பத்தி. நான் நாஷ்வில்லில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அந்த விஸ்கி ஊறிய லின்ச்பர்க் இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான், பலமுறை போயிருக்கிறேன். அந்தப் பத்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். புரூஃப் என்பது மதுவின் வீரியத்தைச் சொல்லும் அளவு. "148 புரூஃப், நம்மூர் சரக்கு 75 புரூஃப், ஆக இரண்டு மடங்கு வீரியம்" என்று போட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். இந்தியப் பாட்டில்களில் 42.8 சதவீதத்துக்குப் பக்கத்தில் 75 என்று இருப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. சாராயத்தில் நனைத்த வெடிமருந்து தீப்பிடிக்கிறதா என்று பார்த்த காலத்திலிருந்து வந்தது, அதில் 57 சதவீதம் சொச்சம்தான் 100. அமெரிக்கக் கணக்கு அதைவிட எளிது, ஆல்கஹால் சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் புரூஃப். அப்படிப் பார்த்தால் 148.3 புரூஃப் என்பது 74.15 சதவீதம், நம்மூர்க் கணக்கில் சுமார் 130. இரண்டு மடங்கு இல்லை, ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதுவே அதிகம்தான். இதில் 60 மில்லி ஊற்றினால் உள்ளே போகும் ஆல்கஹால் நம்மூர் விஸ்கியில் 100 மில்லிக்கும் மேல், அதை யாரும் மறக்கக் கூடாது.

அடுத்தது, "வீரியத்தைக் கூட்டுவதற்காகக் கூடுதல் ஸ்பிரிட் சேர்க்கப்படுகிறது" என்ற வரி. இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது, ஏனென்றால் அந்த விஸ்கியின் சிறப்பே எதுவும் சேர்க்காததுதான். மக்காச்சோளம் 80, பார்லி மால்ட் 12, ரை என்ற தானியம் 8 சதவீதம் போட்டு ஊறல் வைத்து, காய்ச்சி இறக்கி, சர்க்கரை மேப்பிள் மரக்கரியைப் பத்தடி உயரத்துக்கு நிரப்பிய தொட்டியில் சொட்டுச் சொட்டாக வடிய விட்டு, உள்புறம் தீய்த்த புது ஓக் பீப்பாயில் அடைக்கிறார்கள். அடைக்கும்போது அதிகபட்சம் 125 புரூஃப், அதாவது 62.5 சதவீதம்தான் இருக்கலாம், அதற்கு மேல் சட்டம் விடாது. பிறகு எப்படி 74-க்குப் போனது? இடம். கோய் ஹில் அந்த வடிசாலையின் மிக உயரமான பகுதி, அங்குள்ள 8, 13 எண் கிடங்குகளின் மேல் தளத்தில் இந்தப் பீப்பாய்கள் கிடந்தன. டென்னசி கோடையில் தகரக் கூரைக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மூச்சு முட்டும் வெயில். அந்த வறண்ட சூட்டில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக மரத்தின் வழியே வெளியேறிவிடுகிறது, உள்ளே மிஞ்சுவதன் வீரியம் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. ஸ்காட்லாந்தில் இதற்கு நேர் எதிர், அந்த ஈரக் குளிரில் ஆல்கஹால்தான் முதலில் போகும், வீரியம் இறங்கும். ஆக இந்த எண்ணை ஏற்றியது வெயிலும் மரமும் காத்திருப்பும். அதற்குக் கொடுத்த விலை, பீப்பாயில் அளவு குறைந்துபோனது. அதனால்தான் இது கொஞ்சமாக வந்தது, விளம்பரத்துக்காகச் செய்த தட்டுப்பாடு இல்லை.

சாதாரண ஜாக் டேனியல்ஸ் பல பீப்பாய்களைக் கலந்து, தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி இருக்கும்படி செய்வது. கோய் ஹில் ஒற்றைப் பீப்பாய் வகை, அந்த ஒரு பீப்பாயில் இருந்ததைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடைப்பது. எனவே அதற்கு 148 என்று ஒரே எண் கிடையாது. 137.4 முதல் 148.3 வரை பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும், லேபிளில் அந்த எண்ணும் பீப்பாய் எண்ணும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். என்னிடம் இருந்தது 141.2.

இந்த 141.2 ஏன் முக்கியம் என்றால், "அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும்" என்று கட்டுரை யோசனை சொல்கிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள். 70 சதவீதத்துக்கு மேல், அதாவது 140 புரூஃபைத் தாண்டிய மதுவை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டும் அனுப்ப முடியாது. ஒரு தீப்பொறி பட்டால் அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். சேகரிப்பவர்கள் இத்தகைய பாட்டில்களை 'ஹாஸ்மேட்', ஆபத்தான சரக்கு, என்றே அழைக்கிறார்கள். அந்த அளவுக்கு உட்பட்டதென்றால் பிரிக்காத பாட்டிலாகப் பெட்டியில் வைக்கலாம், இந்தியச் சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை வரியில்லை. 137.4 கிடைத்தவர் கொண்டுவரலாம். என் அத்தான் மதுரையிலிருந்து ஆசையாகக் கேட்டார், 0.6 சதவீதத்தால் முடியாமல் போனது.

அப்புறம் 'முதலீடு' என்ற தலைப்பு. ஐயா, விஸ்கி பீப்பாயில்தான் முதிரும், கண்ணாடிக்குள் வந்தபிறகு பத்து வருடம் வைத்தாலும் அது அதேதான். வாங்கியவர் விற்கலாம் என்று நினைத்தால், இங்கே பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் தனிநபர் மது விற்பது குற்றம். இந்தப் பேராசையால் சாதாரண ரசிகனுக்குத்தான் அடி. எங்கள் பக்கம் ஒரு கடையில் இதைத் தர வேண்டுமென்றால் விற்காமல் கிடக்கும் நான்கு பாட்டிலையும் சேர்த்து வாங்கு என்றார்கள், திரும்பி வந்துவிட்டேன். வேறொரு கடையில் குலுக்கலில் என் பெயர் விழுந்தது, வழக்கமான விலைக்கே கொடுத்தார்கள்.

கட்டுரையில் ஜாக் டேனியலின் வாழ்க்கை வந்திருக்கிறது, நியரஸ்ட் கிரீன் பெயர் வரவில்லை. டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக இருந்து, சிறுவன் ஜாக்குக்கு வடிக்கும் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நிறுவனமே 2016-இல்தான் அதை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. அந்தக் கைத்தொழிலைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரை விடுவது நியாயமே இல்லை.

அத்தான் 2022 அக்டோபரில் இங்கே வந்தபோதுதான் பாட்டிலைத் திறந்தோம். ஆளுக்கு 15 மில்லி. முதலில் அப்படியே முகர்ந்தார், கண்ணில் தண்ணீர் வந்து தலையை பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு சின்னக் கரண்டியால் தண்ணீர் விட்டேன், கண்ணாடிக்குள் எண்ணெய் போல நெளிந்து கலந்தது. அப்புறம் வந்த வாசம் நன்றாகப் பழுத்த வாழைப்பழம், கூடவே வெல்லப்பாகு, அடியில் கரிந்த மரம். "இது பழனி மலைப்பழம் மாதிரி இருக்குடா" என்றார். ஆறு பேர் சேர்ந்து தீபாவளி முடிந்த வாரத்தில் முடித்தோம். வாங்கி அலமாரியில் வைப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான், திறந்து நாலு பேருக்குக் கொடுங்கள். வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால் ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், இந்த வீரியம் கார்க்கை அரித்துவிடும், நிற்க வையுங்கள்.

அடுத்த ஞாயிறு புரூஃப் கணக்கையும் விமான விதியையும் மட்டுமாவது திருத்திப் போடுங்கள். பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுத்தால் வருத்தம் ஒரு பக்கம், மற்ற பயணிகளுக்கு ஆபத்து இன்னொரு பக்கம்.

காலிப் பாட்டிலைக்கூடப் பணம் கொடுத்துக் கேட்கிறார்கள், வேறு எதையோ நிரப்பி விற்பதற்கு. என்னுடையதன் லேபிளைக் கத்தியால் குறுக்காகக் கீறிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நாஷ்வில், டென்னசி