விரல் இந்தப் பக்கம், பார்வை அந்தப் பக்கம்

ஸ்காபரோ

அன்புள்ள மகேந்திரன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்கு அத்தான்தான் காரணம். வைகாசியில் படியிறங்கும்போது பின்பக்கமாய் விழுந்தார் என்று எழுதியிருந்தேனே, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை விழுந்துவிட்டார். சாப்பிட்டால் சட்டையெல்லாம் கறி. வயசுக் குழப்படி என்று அக்கா ஏசிக்கொண்டே இருந்தார். தட்டைப் பார்க்க அத்தானின் கண் கீழே இறங்கவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

முதலில் ஒரு கிளினிக்கில் ஞாபகசக்திப் பரிசோதனை செய்தார்கள். மொன்றியலில் உருவாக்கி 2005இல் வெளியிட்ட தாள் அது. மொத்தம் 30 புள்ளி, 26க்குக் கீழே போனால் சந்தேகம். மணிக்கூடு கீறச் சொன்னார்கள், கீறினார். காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். முப்பது வருஷம் தமிழ் படிப்பித்த மனுசனுக்கு அந்த நேரத்தில் ‘ரைனோசரஸ்’ வாயில் வரவில்லை. ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிஷத்துக்குள் சொல்லச் சொன்னதற்கு நாலு சொன்னார். முடிவில் 19 புள்ளி. குறைந்தது அறிவா ஆங்கிலமா என்று அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் தாள் எடுக்கவில்லை. அத்தானுக்கு முன்னால் இருந்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு இருபுறமும் உயர்த்தி, “எந்த விரல் அசைகிறதோ அதைப் பார்க்கக் கூடாது, மற்றதைப் பார்க்க வேண்டும்” என்றார். நான் ஒரு தடவை தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். பத்துத் தடவையில் ஏழு தடவை அத்தானின் கண் அசைந்த விரலுக்கே ஓடியது. ஒவ்வொரு தடவையும் “சே, பிழை” என்று அவரே சொன்னார். கடைசியில், “விளங்குது தம்பி, கண்தான் சொல்லுக் கேக்குதில்லை” என்றார்.

வீட்டுக்கு வந்து இதைப்பற்றி விழுந்து விழுந்து வாசித்தேன். 1978இல் இதே ரொறன்ரோவில் பீட்டர் ஹாலெட் என்பவர் தொடங்கிய சோதனை இது. திடீரென்று ஒன்று அசைந்தால், ஏறக்குறைய 200 மில்லிசெக்கனில் கண் அதன் பக்கம் தாவிவிடும். அந்தத் தாவலை அடக்கிக் கண்ணை மறுபக்கம் அனுப்புவதில் மூளையின் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. வலிப்புக்காக முன்மடலில் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களால் அப்படி அடக்க முடியவில்லை என்று மொன்றியலில் 1985இல் காட்டியிருக்கிறார்கள். சுகதேகிகளும் பத்தில் ஒன்றிரண்டு பிழை விடுவார்களாம். மனுசியின் விரல்களை வைத்து நானும் செய்து பார்த்தேன், இரண்டு பிழை. அவள் சிரித்ததை எழுதவில்லை.

கிங்ஸ்டனில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில், டக்ளஸ் முனோஸின் குழு இதைக் கமெராவால் அளக்கிறது. விரலுக்குப் பதில் திரையில் ஒரு புள்ளி. பார்க்கின்சன், அல்சைமர், ஹன்டிங்டன் நோயாளிகளிடமும் இந்தப் பிழை கூடுகிறது. என்னை யோசிக்க வைத்தது இயக்க நரம்பு நோய். கையும் பேச்சும் போன பிறகும் கண் பெரும்பாலும் அசையும், அதனால் அவர்களின் யோசனையைக் கண் வழியாகக் கேட்கலாம்.

அத்தானுக்கோ கண்ணிலேயே கோளாறு. மருத்துவர் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அத்தானின் தலையைப் பிடித்து மெதுவாகப் பின்பக்கம் சாய்த்தார். தானாக இறங்காத கண் அப்போது கீழே போனது! தசையும் நரம்பும் சரி, மேலிருந்து கட்டளைதான் வரவில்லை என்றார். பக்கவாட்டில் சும்மா பார்க்கச் சொன்னபோது கண் ஒழுங்காகவே போனபடியால், விரல் சோதனையில் விட்ட பிழைகளை யோசனைக் கோளாறாக எடுக்கலாமாம். ஆனால் வயது, களைப்பு, மருந்து எல்லாம் பிழையைக் கூட்டும், அதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது என்றும் சொன்னார். அவருடைய சந்தேகம், 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று பேர் இந்த ஊரிலிருந்தே விவரித்த ‘பி.எஸ்.பி’ என்ற மூளை நோய், கண் மேலும் கீழும் அசையாமல் போய், ஆள் அடிக்கடி விழுவது அதன் அடையாளம். ஸ்கான் அடுத்த மாதம்.

அக்கா இப்போது பிஸ்கட் தகரத்தின் மேல் தட்டை வைத்துக் கொடுக்கிறார். நெஞ்சளவு உயரம், சட்டையில் கறி குறைந்துவிட்டது. ஏசுவதும்தான்.

அம்மாவின் முழங்கால் எப்படி? ஒப்பரேசனுக்குத் திகதி குறித்தால் உடனே எழுது.

அன்புடன்,
சிவா