யோசேப்பு ரகசியமாய் முடிக்க நினைத்தார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நிச்சயதார்த்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிச்சயமான பெண் வேதாகமத்தின்படி மனைவிக்குச் சமம், ஆகவே நிச்சயத்தை முறிப்பது விவாகரத்துக்குச் சமம், முறிப்பவர்கள் துரோகம் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். பாதி சரி. மீதிப் பாதியோடுதான் எனக்கு வழக்கு.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தேயு முதல் அதிகாரம் 18-ம் வசனத்தில் மரியாள் யோசேப்புக்கு ‘நியமிக்கப்பட்டிருக்கையில்’, அதாவது நிச்சயமாகியிருக்கையில், என்று வருகிறது. அவர்கள் இன்னும் கூடி வரவில்லை. ஆனாலும் அடுத்த வசனமே அவரை ‘அவள் புருஷனாகிய யோசேப்பு’ என்கிறது. யூதர் வழக்கம் அப்படி. நியமனம் ஆனவுடனே சட்டப்படி கணவன் மனைவிதான், ஆனால் பெண் தகப்பன் வீட்டிலேயே இருப்பாள். கல்யாணத்துக்குத் தயாராகக் கன்னிப்பெண்ணுக்கு 12 மாதம் தவணை தரவேண்டும் என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. நடுவில் விலக வேண்டுமென்றால் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதித் தரவேண்டும். பெண்ணை நியமித்துவிட்டு இன்னும் கல்யாணம் செய்யாதவன் யுத்தத்துக்கு வரவேண்டாம், வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும் என்று பழைய ஏற்பாட்டில் உபாகமம் 20-ல் சலுகைகூட உண்டு.

தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்து, பிரியாணி பரிமாறி முடிக்கிற நம் நிச்சயத்தை இதோடு எப்படி ஒன்றாக வைப்பது? நம் சபைகளில் நிச்சயத்துக்குப் பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இந்த இருவருக்கும் கல்யாணம் ஆகத் தடை ஏதாவது இருந்தால் தெரிவியுங்கள் என்று சபை முன்னால் கேட்கிறோம். நிச்சயம் ஆனதை முறிக்கவே கூடாதென்றால் அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி?

கட்டுரையில் உபாகமம் 22-ம் அதிகாரத்தை 24-ம் வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள். நியமிக்கப்பட்ட பெண்ணும் வேறொருவனும் பட்டணத்தில் சேர்ந்திருந்தால் இருவருக்கும் தண்டனை என்பது அதுவரை. 25-லிருந்து 27 வரை படித்தால், வயல்வெளியில் ஒருவன் அவளைப் பலவந்தம் செய்தால் அவனுக்கு மட்டுமே தண்டனை, பெண்மேல் குற்றமில்லை என்று இருக்கிறது. அவள் கூப்பிட்டாள், காப்பாற்ற ஆள் இல்லை என்று மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணமே அவளுக்காகப் பேசுகிறது. பெண்ணுக்குப் பாதகமான வசனம் வரைக்கும் வந்துவிட்டு, சாதகமான வசனத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவது நமக்குப் பழகிவிட்டது போலும்.

யோசேப்பு இந்தச் சட்டம் தெரிந்தவர். கூடி வருமுன்னே மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்தபோது, தான் ஏமாற்றப்பட்டதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். ஊரைக் கூட்டினால் ஊர் அவர் பக்கம்தான் நிற்கும். அவரோ ‘நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல், இரகசியமாய் அவளைத் தள்ளிவிட யோசனையாயிருந்தான்’ என்று இருக்கிறது. கட்டுரையாளர் ‘தள்ளிவிட’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, விவாகரத்து என்கிறார். ‘இரகசியமாய்’ அவர் கண்ணில் படவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேவதூதன் சொப்பனத்தில் வந்தது 20-ம் வசனத்தில். மரியாள்மேல் தப்பில்லை என்று தெரிவதற்கு முன்பே, 19-ம் வசனத்திலேயே, அவள் பேரைக் கெடுப்பதில்லை என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார். அதைத்தான் மத்தேயு நீதி என்கிறார்.

(நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், இதைச் சொல்லாமல் போக முடியாது. மதுரை மிஷனில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் தமிழில் காவியம் பாட வந்தபோது இந்த யோசேப்பைத்தான் ‘வளன்’ என்று பெயரிட்டுத் தலைவனாக்கி, தேம்பாவணியில் 3,615 பாட்டுப் பாடினார்.)

இப்போது எங்கள் வீட்டுக் கதை. என் நாத்தனார் மகளுக்குச் சில வருஷம் முன்பு நிச்சயமானது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமான லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் கழித்து மே மாதம் என்று தேதி குறித்தார்கள். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம்தான் தெரிந்தது, பையனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்ணோடு பழக்கம், நிச்சயத்துக்குப் பிறகும் அது தொடர்கிறது என்று. அவனே ஒத்துக்கொண்டான். நாங்கள் வேண்டாம் என்றோம். சமாதானம் பேச வந்த சபைப் பெரியவர் ஒருவர், ‘பெண்பிள்ளைதான் பொறுத்துப் போகணும், நிச்சயம் ஆனாலே பாதி மனைவிம்மா’ என்றார். பையன் பாதிப் புருஷனா இல்லையா என்று அவரிடம் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்தே நாளில் பேச்சு மாறிவிட்டது. பெண்ணுக்கு ஏதோ வியாதியாம், அதை மறைத்துவிட்டார்களாம். மாட்டுத்தாவணியில் புறப்பட்ட பேச்சு திருமங்கலத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான்தான் குதித்தேன். அவள் விடவில்லை. ‘வேணாம் அத்தை, அவன் தங்கச்சிக்கும் மாப்பிள்ளை பாக்குறாங்க’ என்றாள். இன்றுவரை அவள் வாயிலிருந்து அந்தப் பையனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அவள் செய்ததைத்தான் நான் 19-ம் வசனத்தில் படிக்கிறேன். அவளை நிச்சயத்தை முறித்தவள், துரோகி என்று உங்கள் கட்டுரை சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

துரோகம் என்ற சொல்லை வேதம் யாரைப் பார்த்துச் சொல்கிறது என்றும் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். மல்கியா 2:14-ல் தீர்க்கதரிசி ‘உன் இளவயதின் மனைவிக்கு’ துரோகம் செய்தாய் என்று புருஷனைப் பார்த்துத்தான் கேட்கிறார். அவளை அவனுடைய ‘தோழி’ என்றும் ‘உடன்படிக்கையின் மனைவி’ என்றும் சொல்கிறார். மனைவிக்குத் தன் உடல்மேல் அதிகாரமில்லை, புருஷனுக்கே அதிகாரம் என்று 1 கொரிந்தியர் 7:4-ஐ மேடையில் சொல்கிறவர்கள், அதே வசனத்தில் ‘அப்படியே புருஷனும்’ என்று தொடர்வதை முழுங்கிவிடுகிறார்கள். அதை எழுதிய பவுல் இரண்டு பேருக்கும் ஒரே தராசு வைத்தார். நம் நாட்டின் 1869-ம் வருஷத்து கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் வைக்கவில்லை. மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு அதுவே போதும். கணவன் போனால் மனைவி கூடவே கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ வேறொன்றையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

நிச்சயமான பிள்ளைகள் தெப்பக்குளம் பக்கம் பைக்கில் போகிறார்கள், ராத்திரி ஒரு மணிவரை போனில் பேசுகிறார்கள் என்று கட்டுரையில் வருத்தப்பட்டிருந்தார்கள். பேசட்டும். பேசினதால்தான் எங்கள் பிள்ளைக்கு உண்மை தெரிந்தது. எனக்கு உறுத்துவது வேறு. நிச்சயமான மறுநாளே பெண்ணின் போன் பாஸ்வேர்டைக் கேட்கிற பையன்களைப் பற்றி இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறேன். இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று இயேசு மத்தேயு 5:28-ல் சொன்னது பார்க்கிறவனுக்கு. தன் கண்ணைத்தான் அவன் காவல் காக்க வேண்டும். அவள் போனைக் காவல் காக்கச் சொல்லி எந்த வசனமும் இல்லை.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். பசுமலை என்பதையும் எடுத்துவிட்டு மதுரை என்று மட்டும் போடுங்கள். எங்கள் பக்கம் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரைப் பார்த்தால் பெண் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் பையனையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.