இன்று சிப்பி இல்லை

அன்புள்ள குமரன்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். உன் தங்கை உணவகம் திறக்கப்போகிறாள் என்றும், நாங்கள் சிப்பிப் பண்ணையோடு கூட்டு வைத்திருப்பது பற்றி அவளுக்குத் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஆய்ஸ்டர், பச்சையாகவே உறிஞ்சிச் சாப்பிடுவார்களே, அந்தச் சிப்பிதான்.

சுற்றுச்சூழல், அது இதென்று மெனுவில் போட்டுக்கொள்ளத்தானே இதெல்லாம் என்று நீ சிரிப்பாய். சால்மன் பண்ணை என்றால் நானும் சேர்ந்து சிரிப்பேன், அதன் தீவனத்துக்கே வேறு சிறு மீன்களைப் பிடித்து அரைக்கிறார்கள். சிப்பிக்குத் தீவனமே கிடையாது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே வளர்கிறது. எல்லாம் தோதாக அமைந்தால் நன்கு வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்கிறார்கள், வழக்கமாக அதைவிடக் குறைவுதான்.

தலைவலியும் அங்கேதான். பெருமழையில் சாக்கடை கடலில் கலந்தால் அந்தக் கிருமியையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்ளும், பச்சையாகத் தின்பவனுக்கு நோரோவைரஸ் வந்து வாந்தியும் பேதியும்தான். அதனால் தண்ணீர் சரியாகும்வரை அறுவடைக்குத் தடை போட்டுவிடுவார்கள். முன்பு மொத்த வியாபாரியிடம் வாங்கியபோது எங்கிருந்தாவது ஒரு பெட்டி வந்துவிடும், யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். இப்போது பண்ணையில் இல்லை என்றால் எங்களிடமும் இல்லை. 'இன்று சிப்பி இல்லை' என்று பலகை வைப்பதற்குள் எங்கள் செஃப் படும் பாடு இருக்கிறதே! என்னைக் கேட்டால், இதைப் பொறுத்துக்கொள்ள முடியாத உணவகம் கூட்டு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

அப்புறம், குஞ்சு சிப்பி தட்டுக்கு வர ஒன்றரை வருடமும் ஆகும், மூன்றும் ஆகும். இன்று விதைப்பதை அன்றைக்கு யார் வாங்குவார்கள் என்ற பயம் பண்ணைக்காரருக்கு இருக்கத்தானே செய்யும்? வாராவாரம் இவ்வளவு எடுப்போம், அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டோம்.

ஓடுகளைக் குப்பையில் போடுவதில்லை. எலுமிச்சைத் தோல், காகிதம் எதுவும் கலக்காமல் தனி வாளியில் சேர்த்துப் பண்ணைக்கே அனுப்புகிறோம். மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து மறுபடி கடலில் போடுகிறார்கள், ஏனென்றால் சிப்பியின் இளம் புழுக்கள் ஒட்டி வளரப் பழைய ஓட்டைத்தான் விரும்பும். நியூயார்க்கில் பில்லியன் ஆய்ஸ்டர் புராஜெக்ட் என்ற அமைப்பு உணவகங்களிடம் ஓடு சேர்த்து இதையேதான் செய்கிறது. அந்த வாளியில் நாப்கின் போடாதீர்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொரு பையனிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அது வேறு கதை.

தங்கை பண்ணை பார்க்கப் போனால் விலையை அப்புறம் பேசட்டும். தடை வந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்வீர்கள், ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, இந்த இரண்டையும் முதலில் கேட்கச் சொல். வேறு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடமே நேராகப் பேசட்டும், இரவு கடை அடைத்த பிறகு என்றால் நல்லது.

அன்புடன்,
ரவி