அப்பாவை அக்கரையில் இறக்கிவிட்டவர்களுக்கு

அன்புள்ள மொரீசியஸ், மஹேபூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன நவம்பரில், பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், எங்கள் வீட்டு ஆட்கள் ஆறு பேர் ஒருநாள் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்தோம். நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், தம்பி, அப்புறம் 78 வயது அப்பா. அன்று எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ராத்திரி படுத்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று வரைக்கும் எண்ணினேன், அதற்குள் தூங்கிவிட்டேன். பாதிப் பேரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. பெயர் தெரிந்தவர்களோ, "இதையெல்லாம் எழுத வேண்டாம் டீச்சர்" என்றார்கள். சரி, பெயர் போடவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் அப்பாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடத்துக்கு மேல் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ் அவருக்குக் கோயிலில் பாடுகிற அளவுக்குத்தான், பேச்செல்லாம் கிரியோல். காலையில் தேநீர்க் கோப்பையோடு கரையில் போய் நின்றால் இல்-ஓ-செக்ரெத் தீவு எதிரே தெரியும். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது. பொடிப் பையனாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பச்சைத் திட்டைப் பார்க்கிறார். ஒரு தடவைகூட அதில் கால் வைத்ததில்லை. முதலில் வேலை, பிறகு எங்கள் படிப்பு, பிறகு அம்மாவின் உடம்பு, கடைசியில் அவருடைய முழங்கால். பக்கத்தில் இருப்பதுதானே, அடுத்த வருடம் போகலாம் என்றே அவருக்கு வயதாகிவிட்டது.

ஆனால் அந்தத் தீவுக்காக அவர் பாடுபட்டிருக்கிறார். 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறிய கப்பலை நம்மில் யார் மறப்போம்? ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது. ஊரே நாறியது. கரைக்கு ஓடிப்போய் நின்ற ஜனம், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே கரும்புச் சோகையை லாரி லாரியாகக் கொண்டுவந்து குவித்தது. வலைத்துணியைக் குழாய் மாதிரி மடித்து, உள்ளே காய்ந்த சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களை வைத்து, வாயைத் தைக்க வேண்டும். அப்பா அன்று கோணி ஊசியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர்தான். சோகையைத் திணிக்கும்போது தளர்வாக விட்டால் நடுவில் மடங்கி எண்ணெயை உள்ளே விட்டுவிடும், ரொம்ப இறுக்கினால் வளையாது என்று பக்கத்தில் இருந்த இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொண்டே தைத்தார். விரலெல்லாம் சோகை அறுத்த கீறல். தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்று சொன்னார்கள். என் மகள் அப்போது சின்னவள், தன் பின்னலை வெட்டிக் கொடுத்தாள். அந்த நாட்களில் தீவிலிருந்து அரிய செடிகளையும் பறவைகளையும் பல்லிகளையும் நாம் இருக்கும் பெரிய தீவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். எங்கள் வேலையெல்லாம் கரையில்தான் நடந்தது. அப்பா அப்போதும் தீவுக்குப் போகவில்லை.

"நாம் தைத்தது யாருக்கு உதவியது என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்" என்று அவர் எப்போதாவது சொல்வார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

முதல் நன்றி எங்கள் தெருக்கோடி அக்காவுக்கு. தீவுக்கு இடம் பதிவு செய்தது அவர்தான். காலையில் இல்-ஓ-செக்ரெத், பிறகு தனிப் படகில் வெளியே இருக்கும் சின்னத் தீவுகள் என்பது திட்டம். முன்பணம் வாங்கியிருந்த படகுக்காரர்கள் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தொலைபேசியில் "நாளைக்குப் படகு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் முகம் சுண்டிப்போனது. அக்கா ஒன்றும் பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு மீன் இறக்கும் துறைக்கு நடந்தார். ஒன்பதரைக்குத் திரும்பி வரும்போது கூடவே ஒரு மீனவ அண்ணன். "உங்க அப்பாவை எனக்குத் தெரியும். சோகை தைத்த நாட்களில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு நான் மீனுக்குப் போகவில்லை" என்றார். ஒருநாள் பிழைப்பை விடுவது கடல் தொழிலில் சின்ன விஷயமா? அண்ணா, நீங்கள் டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டதை நாங்கள் மறக்கவில்லை.

மறுநாள் காலை புவாந்த் ஜெரோம் துறையில், தீவைப் பராமரிக்கும் வனவிலங்கு அறக்கட்டளையின் படகு. ஏறும் இடத்தில் படகு அலைக்கு ஏறி இறங்கியது. அப்பா கைத்தடியோடு நின்றுவிட்டார். அப்போது, நாங்கள் கேட்காமலேயே, எங்களோடு வர இருந்த இரண்டு இளைஞர்கள் மணிக்கட்டுகளைக் குறுக்கே பிடித்து நாற்காலி மாதிரி ஆக்கி, "உட்காருங்க தோந்தோன்" என்றார்கள். பெரியவரைக் கிரியோலில் மாமா என்று கூப்பிடுவது அப்படித்தான். அப்பா ஒரு கை ஒருவர் தோளிலும் மறு கை இன்னொருவர் தோளிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே தூக்கிப் படகுக்குள் வைத்தார்கள். இறங்கும்போதும் அப்படித்தான். தம்பிகளே, நீங்கள் கியூர்பிப் பக்கம் என்று மட்டும் தெரியும். நன்றாக இருக்க வேண்டும்.

அப்பாவின் பாதம் அந்தத் தீவின் மண்ணில் பட்டபோது மணி ஒன்பதரை. மண் என்று சொல்கிறேன், உண்மையில் அது பழைய பவளக்கல். நம் பெரிய தீவு மாதிரி எரிமலைக் கல் இல்லை. அப்பா குனிந்து தொட்டுப் பார்த்தார்.

வழிகாட்டியாக வந்த தங்கச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன். கூட்டத்தில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை ஒவ்வொரு இடத்திலும் நின்று அப்பாவுக்குக் கிரியோலில் மறுபடி சொன்னார். அதுவும் சுருக்கிச் சொல்லவில்லை, அப்பாவிடம் கேள்வி கேட்டுக் கேட்டுச் சொன்னார். கருங்காலி மரத்தைக் காட்டி, "தோந்தோன், இது எத்தனை வயதிருக்கும் சொல்லுங்க?" என்றார். கையகலம்கூட இல்லாத தண்டு. அப்பா இருபது என்றார். அது அப்பாவைவிட மூத்தது என்றார் அந்தப் பெண். கருங்காலி அவ்வளவு மெதுவாக வளருமாம். அதனால்தான் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றியது இன்னும் நிரம்பவில்லை. இந்த 26 ஹெக்டேரில் நிற்கும் கருங்காலி வகைக்குத் தீவின் பெயரையே தாவரப் பெயராக வைத்திருக்கிறார்கள். கரையோரக் காடு நாடு முழுக்கப் போய், மிச்சம் இருப்பது இங்கேதான்.

1965இலேயே இதைக் காப்பிடமாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் உண்மையான வேலை மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை வந்த பிறகுதான். எலிகளை ஒழித்தது, அயல் செடிகளைப் பிடுங்கியது, நம் மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டது எல்லாம் அவர்கள். களை எடுப்பது எவ்வளவு முதுகொடியும் வேலை என்று அப்பாவுக்குத் தெரியும். நாற்றங்காலில் குனிந்து நின்ற தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார். அவர்களுக்கும் என் நன்றி. வேலையை நிறுத்திவிட்டு அவரை ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற விட்டீர்கள்.

அப்புறம் ஆமை. எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம். பாதையின் நடுவில் ஒரு பெரிய நில ஆமை, முதுகு என் மகனின் இடுப்பு உயரம். நம் நாட்டுக்குச் சொந்தமான பெரிய ஆமைகளை அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப 2000இலிருந்து அல்டாப்ரா ஆமைகளை இங்கே விட்டிருக்கிறார்கள். ஆமை கருங்காலிப் பழத்தைத் தின்னும், விதை வயிற்றில் தங்கி வெளியே வரும், அப்படி வரும் விதை நன்றாக முளைக்கும். வழிகாட்டித் தங்கச்சி குச்சியால் காய்ந்த சாணத்தைக் கிளறிக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன முளை, இரண்டு இலை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் தோட்டத் தொழிலாளிதான்" என்றார். ஆமை கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. கண்ணோரம் சுருக்கம், தோல் வெடித்த களிமண் மாதிரி. பின்னால் வந்த வெளிநாட்டுக்காரர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்கும் நன்றி.

இளஞ்சிவப்புப் புறாவைப் பார்க்க முடியுமா என்று என் மகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைதான் மிஞ்சியிருந்தது என்று பள்ளியில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூண்டில் பெருக்கித் திரும்ப விட்டு, இன்றைக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கார்ல் ஜோன்ஸ் போன்ற பறவைப் பாதுகாப்பு ஆட்கள் ஆயுசையே அதற்குக் கொடுத்தார்கள். பார்த்தோம். கிளையில் ஒன்று, எங்கள் தலைக்கு இரண்டு முழம் மேலே, காலில் வளையம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெஞ்சு மங்கிய ரோஜா நிறம், வால் செம்பழுப்பு. மகள் மூச்சே விடவில்லை. தரையில் டெல்ஃபேர் அரணைகள் காய்ந்த இலைகளைச் சரசரவென்று விலக்கிக்கொண்டு ஓடின. இவையும் இந்தத் தீவிலிருந்து அழிந்துபோய், ரவுண்டு ஐலண்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவைதான். டோடோவுக்கு மட்டும் வெண்கலச் சிலை. மகன் அதன் அலகைத் தடவிவிட்டு, "இதற்கு யாரும் சோகை தைக்கவில்லையா தாத்தா?" என்று கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை, அவன் தலையைத் தடவினார்.

மத்தியானம் மீனவ அண்ணனின் பிரோக்கில், அதாவது மீன்பிடி படகில், ஏறினோம். கிரான் போர்ட் விரிகுடா அன்று கண்ணாடி. பின்னால் சிங்கமலை, முன்னால் பவளத்திட்டில் உடைகிற வெள்ளை அலைக்கோடு. 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டது இந்தத் தண்ணீரில்தான். அதை வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார், ஆனால் அவர்கள் கண் மேலே. இரண்டு பாயாங்கே பறந்துகொண்டிருந்தன. வெள்ளை உடம்பு, பின்னால் நீண்ட இரண்டு வால் இறகு. பிரெஞ்சில் பாய் என்றால் வைக்கோல், வாலில் வைக்கோல் வைத்த பறவை. அப்பா கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "அதுவும் சோகையோடுதான் வருகிறது" என்றார். இல்-ஓ-ஃபூக்கேயின் பாழடைந்த கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு போய், இல்-தெ-லா-பாஸ் பக்கம் ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டார் அண்ணன்.

அங்கேதான் என் மகன் கடல் முள்ளெலி மேல் காலை வைத்துவிட்டான். நாம் ஊர்சேன் என்கிறோமே, அதுதான். ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறான். உள்ளங்காலில் ஏழெட்டுக் கறுப்பு முள். அவன் போட்ட சத்தத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் அவனைப் படகின் ஓரத்தில் உட்காரவைத்து, "சுடுதண்ணி வேண்டும், பொறுக்கிற சூட்டில். வலி இறங்கும்" என்றார். எங்களிடம் இருந்தது ஐஸ் பெட்டி. சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு படகை நோக்கிக் கத்தினார். ஒரு குடும்பம், பாட்டி ஒருவர், சின்னக் குழந்தைகள். தேநீருக்கு வைத்திருந்த ஃபிளாஸ்கை அந்தப் பாட்டி அப்படியே நீட்டினார். பிறகு அதே பாட்டி எங்கள் படகுக்கு மாறி வந்து, என் மகன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்து, கடல்நீர் கலந்து வாளியில் காலை வைத்தார். அரை மணி நேரத்தில் அழுகை விம்மலாகி, விம்மலும் நின்றது. மேலே நீட்டிக்கொண்டிருந்த முட்களை மட்டும் எடுத்தார். ஆழத்தில் உடைந்ததைக் கிண்டக் கூடாது, மருத்துவரிடம் விடு என்றார். சாயங்காலம் சுகாதார நிலையத்தில் மிச்சத்தை எடுத்த நர்ஸ் அம்மாவும் அதையேதான் சொன்னார். மூடுகிற நேரத்தில் போன எங்களைத் திருப்பி அனுப்பாமல் பார்த்தீர்கள் அம்மா, மிக்க நன்றி. கால் ஆறிவிட்டது, ஓடுகிறான்.

அன்றைக்கு அந்தப் பாட்டியின் குடும்பத்துக்குத் தேநீர் இல்லாமல் போயிற்று. அதுமட்டுமில்லை, அவசரத்தில் ஃபிளாஸ்க் எங்கள் படகிலேயே தங்கிவிட்டது. பச்சை மூடி, பக்கத்தில் பூப் படம், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. பாட்டியம்மா, கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு மஹேபூர் சந்தைக்குப் போகிறார், துணிக்கடைகள் முடிந்து காய்கறி தொடங்கும் இடத்தில் காலை பத்து மணி வரைக்கும் நிற்கிறார். வெள்ளைத் தொப்பி, கைத்தடி. நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து வாழையிலையில் ஏழு கறியோடு ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அன்று உங்கள் படகில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
மஹேபூரிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை, குடும்பத்தாருடன்