முல்லைத்தீவுக் கோட்டைக் காட்சிப்பெட்டி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம்.

1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய நிகழ்வைச் சிற்றுருவங்களால் காட்டும் டயோரமா ஒருவழியாக முடிந்து, எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிப்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நிற்கும் ஆளுக்கும் மாட்டுக்கும் நடையும் நிலையும் தந்தவர்கள் வேறு ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே தொழிலைச் சொல்லி நன்றி சொல்கிறேன்; எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் யார் யாரென்று எல்லோருக்கும் விளங்கும்.

“யுத்தக் காட்சியா? அதுவும் வன்னியிலா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களுக்கு முதல் நன்றி. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் காலத்து யுத்தத்தில் நாங்கள் கண்ணால் கண்டதை மேசையில் வைத்து உருட்டிப் பார்க்க எனக்கு மனம் இல்லை. இருநூறு ஆண்டுகள் தள்ளி நின்றால்தான் என் கை ஓடும். அதோடு ஒரு பழைய உறுத்தலும் உண்டு. அதே 1803இல், ஒக்டோபர் 31ஆம் திகதி, கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் கல் நட்டார்கள். தோற்ற நாளுக்குக் கல் நட ஆள் இருந்தது. வென்ற நாளுக்கு ஒரு மேசையளவு இடமாவது இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன்.

உருவங்கள் 32இல் ஒரு பங்கு அளவு. ஐந்தடி எட்டங்குல ஆள் 5.4 சென்ரிமீற்றர் ஆகிவிடுவான். தலை 7 மில்லிமீற்றர், கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். இந்த அளவில் களிமண் நிற்காது. இரண்டு பாகத்தையும் சம அளவில் பிசைந்தால் கல்லாக இறுகும் எப்பொக்சிப் பசைதான் வேண்டும். எங்கள் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் எம்-சீல் குழாய் அடைக்க நல்லது. முகம் செய்ய அது பொறுமை காட்டாது. லண்டனில் இருக்கும் மச்சாள் மில்லிபுட் அனுப்பினார். இரண்டு குச்சியாகப் பொதியில் வந்த பிசின் போன்ற அந்தப் பொருளைப் பார்த்து, வழியில் ஓர் அலுவலகத்தில் என்னை உட்காரவைத்து நிறையக் கேள்வி கேட்டார்கள். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் பையில் இருந்த அரைகுறை மாட்டுத் தலையைக் காட்டியபோதுதான் பொதி கைக்கு வந்தது.

பிசைந்த பசை அதன் ஊரில் மூன்று நாலு மணித்தியாலம் எடுத்து இறுகுமாம். இங்கே பங்குனி வெயிலில் அது யாருக்காகக் காத்திருக்கும்? சந்திக் கடை அண்ணை தன் ஐஸ்பெட்டியில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கித் தந்தார். குளிரில் பசையின் அவசரம் அடங்கும். ஐஸ்பழத்துக்குப் பக்கத்தில், இறுக்கமாக மூடிய போத்தலில், “இது தின்கிற சாமான் இல்லை” என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். வாடகை கேட்கவே இல்லை.

இனி, செயற்கைக் கால் பொருத்தும் அண்ணைக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மனித உடம்பின் எலும்பையும் தசையையும் படம் பார்த்துப் படிக்கலாம். பாரம் எங்கே இறங்குகிறது என்பதைப் படம் சொல்லாது. நான் செப்புக் கம்பியில் முறுக்கிய வெறும் எலும்புக்கூட்டை நீங்கள் வாங்கி, தொண்டைக்குழிக்கு நேரே ஒரு நூலைத் தொங்கவிட்டு, நுனியில் சட்டைப் பொத்தானைக் கட்டினீர்கள். மேசனின் தூக்குக்குண்டு மாதிரி அது ஆடி நின்றது. “ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிறவனுக்கு இந்த நூல் அந்தக் காலின் கணுக்காலில் வந்து விழவேண்டும். அந்தப் பக்க இடுப்பு மேலே போகும், தோள் கீழே வரும்” என்றீர்கள். நாள் முழுவதும் ஆட்களை இரண்டு கைபிடிக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது மனப்பாடம். கோட்டை மதிலில் ஈட்டியை ஊன்றி இளைப்பாறும் வன்னியனின் வீரன் அந்த நூலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான். பார்க்கிறவர்கள் எல்லோரும், “அவன் களைத்துப்போய் நிற்கிறான்” என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் சொல்ல வேண்டும். கோட்டை வாசலில் விழுந்து கிடக்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்க்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்த நேரம் தேநீரோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓடிக்கொண்டிருந்தவன் கையை விரித்துக்கொண்டு விழ மாட்டான், தம்பி” என்று சொல்லிக் கம்பியை எடுத்து, முகம் குப்புறத் திருப்பி, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் மடித்துவிட்டார். “சப்பாத்து ஒன்றைக் கழற்றித் தள்ளி வை.” எங்கே கண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அதைக் கேட்பதில்லை. சப்பாத்து அவர் சொன்ன இடத்திலேயே கிடக்கிறது. அவர் காட்சிப்பெட்டியைப் பார்க்க வரவில்லை. வாருங்கள் என்று நானும் வற்புறுத்த மாட்டேன்.

மிருகங்களுக்கு வருகிறேன். பீரங்கி இழுக்கும் எருதுகளுக்காகப் பட்டிக்கார ஐயாவோடு பல மாலைகள் பட்டியடியில் கழிந்தன. மாட்டின் பின்காலில் பின்னோக்கி மடிந்திருப்பதை முழங்கால் என்றுதான் பாதி உலகம் நினைக்கிறது. அது குதிக்கால், முழங்கால் மேலே வயிற்றோரம் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கால்நடை வைத்தியர் கையை வைத்துக் காட்டினார். ஐயாவுக்கு எலும்பின் பெயர்களில் அக்கறை இல்லை. மாடு நடந்தால் இடது பின்கால், இடது முன்கால், பிறகு வலது பின்கால், வலது முன்கால் என்று மண்ணில் குச்சியால் கீறிக் காட்டிவிட்டு, “பாரம் இழுக்கிற மாடு தலையைத் தாழ்த்தும். நுகம் திமிலில் போய் முட்டும். தொடைதான் வேலை செய்யும், கழுத்து இல்லை” என்றார். நம்முடைய நாட்டு மாட்டுக்கு உடம்பு சிறிது, அலைதாடியும் அளவானது. வெளிநாட்டுப் படங்களில் வரும் மலைபோன்ற எருதுகளைச் செய்யாமல் தப்பினேன்.

போர்த்துக்கீசருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னியர்கள் யானையைத் திறையாகக் கட்டிய நிலம் இது. யானை இல்லாமல் காட்டோரம் நிறையாது. இலங்கை யானைகளில் தந்தம் உள்ள ஆண்கள் மிகச் சில என்பதால் கொம்பனை விட்டுத் தந்தமில்லாத அலியனையே செய்தேன். உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: முன்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம். குளக்கட்டில் காய்ந்திருந்த அடிச்சுவட்டை நீர்ப்பாசன வேலையாள் ஒருவர் கயிறு பிடித்து அளந்து தந்தார், நாலரை அடி. அப்படியானால் யானை ஒன்பதடி, என் மேசையில் எட்டரைச் சென்ரிமீற்றர். அவர் அளந்த நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு மேல், சுவட்டின் சொந்தக்காரர் தூரத்தில் இல்லை. அந்தத் துணிச்சலுக்குத் தனி நன்றி.

குதிரைக்கு வன்னியில் எங்கே போவது? மன்னார்த் தெருக்களில் கழுதைகள் தாராளமாகத் திரிகின்றன. ஆனால் ஆங்கிலக் கப்டனைக் கழுதையில் ஏற்றினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். அங்கே காட்டுத்தனமாக மேயும் குதிரைகள் குட்டையானவை. ஆகவே மூட்டும் நிற்கும் விதமும் அவற்றிடமிருந்து, கால் நீளம் படங்களிலிருந்து. இளைப்பாறும் குதிரை ஒரு பின்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் தொடவிட்டு நிற்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். குடிதண்ணீர் அருமையான தீவில் கேட்காமலேயே செம்பு நிறையத் தண்ணீர் தந்த அக்கா, உங்களை மறக்கவில்லை.

வெட்டிய வயர்த் துண்டுகளைச் சேர்த்து வைத்த எலெக்ட்ரிசியன் தம்பி, சைக்கிள் கம்பியைத் தட்டி உளி மாதிரித் தீட்டித் தந்த நகைவேலை ஐயா, ஊசி தந்த மருந்துக்கடைப் பிள்ளை (ஊசியின் வாயைப் பசையில் அழுத்தினால் சட்டைப் பொத்தான் தயார்), பெட்டி செய்து கூலி வாங்க மறுத்த தச்சாசிரியர், எல்லோருக்கும் நன்றி. “கோட்டையில் நாய் இருக்காதா?” என்று கேட்டுத் தன் வீட்டு நாயைப் பார்த்துப் பார்த்து ஒன்றைச் செய்து தந்த தரம் 7 மருமகளுக்கும் நன்றி. வருகிறவர்கள் முதலில் அந்த நாயைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிற்பகலில் வாசிப்பறை திறந்திருக்கும். கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பட்டிக்கார ஐயா, உங்கள் பட்டிக் குறியை ஒரு மாட்டிலாவது சுட்டுவிடு என்றீர்களே, வலப்பக்க எருதின் பின்தொடையில் இருக்கிறது. ஊசிமுனையால் கீறிய எழுத்து. மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து
உங்கள் சிற்றுருவக்காரன்